குறையில்லாத ராஜாவும் கோழைக் குதிரையும்

முன்னொரு காலத்தில், ஒரு கதைக்கு இரண்டு ஆள் வேண்டும் என்று வைத்திருந்த ராஜ்யம் ஒன்று இருந்தது. கதையைச் சொல்ல ஒரு ஆள், எதிரே உட்கார்ந்து உம் கொட்ட ஒரு ஆள். கதைசொல்லி மூச்சு வாங்க எங்கே நிறுத்தினாலும், உம்கொட்டி வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு 'உம்' என்று சொல்ல வேண்டும். அவரோ, கேட்க வந்த வேறு யாரோ சொன்னால் கதை மேலே போகும். மூன்று முறை நிறுத்தி, மூன்று முறையும் உம் வராவிட்டால், அந்தக் கதை செத்துவிட்டது என்று அர்த்தம். சொன்னவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போக வேண்டியதுதான். இந்த ஏற்பாடு நம் ஊரிலும் இருந்திருந்தால் எத்தனையோ பேருடைய பேச்சிலிருந்து நாம் தப்பித்திருக்கலாம்.

அந்த ராஜ்யத்தின் ராஜா பெயர் ஜெயதுங்கன். நல்லவர்தான். ஆனால் எதையும் பாதி கேட்டுவிட்டு முழுக்கக் கோபப்படும் சுபாவம். அவருடைய சபையில் கொம்பையா என்று ஒரு விகடகவி இருந்தான். குள்ள உருவம், பெரிய காது, எந்த நேரத்தில் எதைச் சொல்லக் கூடாதோ அதைச் சொல்லிவிடும் வாய். அவன் பேசினால் ராஜா சிரிப்பார். அவைப் புலவர் தாண்டவநாதர் பாடினால் ராஜா கொட்டாவி விடுவார். இந்த ஒரு காரணத்துக்காகவே புலவருக்குக் கொம்பையாவைக் கண்டால் அடிவயிறு எரியும்.

ஒரு பங்குனி மாதம் ராஜாவுக்கு ஒரு ஆசை வந்தது. வளையல் வியாபாரியாக வேஷம் போட்டுக்கொண்டு, அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனார். அங்கே மதியக் கொடையில் ஆவுடை என்கிற கதைக்காரி உடுக்கை அடித்துக்கொண்டு ராஜாவுடைய தாத்தாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரிய ராஜா என்று பெயர்பெற்ற அந்தத் தாத்தாவை அந்த நாட்டில் எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அரண்மனைச் சுவரில் அவருடைய படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. நெஞ்சை நிமிர்த்தி, மீசையை முறுக்கி, குதிரை மேல் உட்கார்ந்திருப்பார்.

ஆவுடையின் கதையில் பெரிய ராஜா அப்படி உட்கார்ந்திருக்கவில்லை. வெள்ளம் புரண்டோடும் ஆற்றங்கரையில் நின்று, தண்ணீரைப் பார்த்து, "அம்மா! அம்மா!" என்று அழுதுகொண்டிருந்தார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வளையல் வியாபாரிக்கு முகம் சிவந்தது. வளையல் கூடையை அங்கேயே போட்டுவிட்டு எழுந்து அரண்மனைக்கு வந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே ஆவுடையைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். வரும் பௌர்ணமிக்கு அவளையும் அவள் குடும்பத்தையும் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடுவதென்று உத்தரவு. உத்தரவை எழுதும்போது பக்கத்தில் நின்ற தாண்டவநாதர், ஆறியிருக்க வேண்டிய கோபத்துக்கு இன்னும் நான்கு சுள்ளியைப் போட்டார்.

"மகாராஜா, ஒருத்தியை அனுப்பிவிட்டால் போதுமா? நாளை இன்னொருத்தி உடுக்கையைத் தூக்குவாள். இனி இந்த ராஜ்யத்தில் சொல்லப்படும் எந்தக் கதையிலும் தலைவனுக்கு ஒரு குறைகூட இருக்கக் கூடாது என்று தாங்கள் ஆணையிட வேண்டும். அப்படிப்பட்ட கதைக்கு நாடு காத்திருக்கவும் வேண்டாம். பெரிய ராஜாவின் மேல் அடியேன் எண்ணூறு பாட்டில் ஒரு காப்பியம் செய்து வைத்திருக்கிறேன். அதில் அவர் ஒரு இடத்திலும் தும்மக்கூட மாட்டார்."

சபையில் எல்லோரும் தலையாட்டினார்கள். கொம்பையாவின் வாய் சும்மா இருக்கவில்லை.

"மகாராஜா, அந்தக் கதையை யார் கேட்பார்கள்?"

ராஜா திரும்பினார். "என்ன சொன்னாய்?"

"ஆவுடையின் கதையை விலை கொடுத்தாவது கேட்பார்கள். குறையே இல்லாதவரின் கதையைச் சொன்னால் கும்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். குற்றம் ஆவுடையிடம் இல்லை மகாராஜா. கதை அப்படித்தான் நடக்கும்."

தாண்டவநாதர் இதற்காகவே காத்திருந்தவர்போல முன்னால் வந்தார். "அப்படியானால் கொம்பையா அவர்களே அந்தக் கதையைச் சொல்லிக் காட்டட்டும் மகாராஜா. பெரிய ராஜாதான் தலைவர். அவருக்குப் பயம், கோபம், அசட்டுத்தனம் எதுவும் இருக்கக் கூடாது. கதை முடிவு வரை போக வேண்டும். நடுவில் செத்தாலும் சரி, பெரிய ராஜா மேல் ஒரு குறை விழுந்தாலும் சரி, பௌர்ணமி வண்டியில் இவருக்கும் ஒரு இடம் போட்டுவிடலாம்."

கொம்பையாவுக்கு அப்போதுதான் தான் எங்கே காலை வைத்துவிட்டோம் என்று தெரிந்தது. குறை வைத்தால் நாடு கடத்தல். வைக்காவிட்டால் உம் விழாது, அதற்கும் நாடு கடத்தல். ஆனாலும் ஆவுடையின் முகம் நினைவுக்கு வந்தது. அவளுக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

"ஒப்புக்கொள்கிறேன்" என்றான். "கதை முடிவு வரை போய்விட்டால் ஆவுடையை விட்டுவிட வேண்டும்."

"விட்டுவிடுகிறேன்" என்றார் ராஜா. "நாளை மறுநாள் காலை, சபையில்."

மறுநாள் பொழுது விடிந்ததும் கொம்பையா சிறைக்குப் போனான். ஆவுடை கம்பிக்குள் உட்கார்ந்து தலையை வாரிக்கொண்டிருந்தாள். அவன் நடந்ததைச் சொல்லி முடித்ததும் சீப்பைக் கீழே வைத்தாள்.

"ஏன் அண்ணாச்சி, உங்களுக்கு வேற சோலியே கிடையாதா? நான் ஒருத்தி போனா என் குடும்பத்தோட போச்சு. இப்ப உங்க வீட்டு அடுப்பையும்லா அணைச்சிட்டு வந்திருக்கீக."

"கோவிச்சுக்காத ஆவுடை. வாய் முந்திருச்சு. நீ இருபது வருசமாக் கதை சொல்லுதவ. ஒரு குறையும் இல்லாத ஆளை வச்சு எப்படிக் கதை சொல்ல?"

"சொல்ல முடியாது."

"ஒரு வழியும் இல்லையா?"

"அண்ணாச்சி, நான் ஒண்ணும் படிச்சவ இல்ல. கூட்டத்துக்கு முன்னால நின்னு பாத்ததச் சொல்லுதேன். ராசா மீசைய முறுக்கிக்கிட்டு வந்து நின்னாருன்னு சொன்னா, முன்னால உக்காந்திருக்கவ பிள்ளைக்குப் பேன் பாக்க ஆரம்பிச்சிருவா. ராசாவுக்குக் கால் நடுங்கிச்சுன்னு சொன்னாப் போதும், பேன் பாக்குத கை நிக்கும். ஏன்னா அவளுக்கும் நடுங்கியிருக்கு. அப்புறம் ராசா ஆத்துல இறங்குனா அவளும் கூடவே சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு இறங்குவா."

"சிரிச்சாங்களே, அதுக்குத்தானே ராஜாவுக்குக் கோபம்?"

"முதல்ல சிரிப்பாக. சிரிக்காம எப்படிப் பக்கத்துல வருவாக? அந்த மனுசன் சிரிக்குத இடத்துலயே எந்திரிச்சுப் போயிட்டாரு, நான் என்ன செய்ய? அதுக்கப்புறம்லா கதையே இருக்கு."

கொம்பையா கம்பியில் தலையைச் சாய்த்து யோசித்தான். கடைசியில், "ராஜாவுக்குக் கால் நடுங்கக் கூடாதுன்னுதான் உத்தரவு" என்றான். "சரி, வாரேன்" என்று எழுந்து போய்விட்டான்.

குறித்த நாளில் சபை நிரம்பி வழிந்தது. கொம்பையா கதை சொல்லும் பலகையில் உட்கார்ந்து எதிரே பார்த்தான். உம்கொட்டியாக உட்கார்ந்திருந்தவர் தாண்டவநாதரின் மைத்துனர். வாய் கொள்ளாமல் வெற்றிலை. கண்ணில் ஒரு சிரிப்பு. உம் கொட்டக் கூடாது என்று சபையோர் எல்லோருக்கும் தாண்டவநாதர் முதல் நாளே சொல்லிவைத்துவிட்டார் என்பது அவர்கள் உதட்டை இறுக்கி மூடியிருந்த விதத்திலேயே தெரிந்தது. புலவர்கூட்டம் சேர்ந்தால் ஒற்றுமையாகச் செய்யும் காரியம் இது ஒன்றுதான்.

"ஒரு மழைக்காலம்" என்று கொம்பையா ஆரம்பித்தான். "ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய ஏரி. ஏரி நிரம்பிக் கரை உடையப்போகிறது. உடைந்தால் ஏழு ஊர் போய்விடும். மதகைத் திறந்தால் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் ராஜா நேரில் வந்து சொன்னாலொழிய மதகைத் திறக்கக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். ஓடங்கள் எல்லாம் வெள்ளத்தோடு போய்விட்டன. செய்தி கேட்டார் பெரிய ராஜா. பதறவில்லை. குளித்தார், பூசை செய்தார், புறப்பட்டார்."

நிறுத்தினான். உம் வரவில்லை. மைத்துனர் கூரையைப் பார்த்தார்.

"ஆற்றங்கரைக்கு வந்தார். வெள்ளத்தைப் பார்த்தார். பயமில்லை. தயக்கமில்லை. நிமிர்ந்த நெஞ்சு நிமிர்ந்தபடி இருந்தது. முறுக்கிய மீசை முறுக்கியபடி இருந்தது."

நிறுத்தினான். உம் இல்லை. பின்வரிசையில் யாரோ கொட்டாவியை விழுங்கினார்கள். ராஜாவும் மடியில் கிடந்த பூவை எடுத்து ஒவ்வொரு இதழாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். தாண்டவநாதர் பௌர்ணமிக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினார்.

இன்னும் ஒரே ஒரு நிறுத்தம்தான் பாக்கி. கொம்பையா கொஞ்சம் குரலை இறக்கினான்.

"பெரிய ராஜாவிடம் ஒரு குதிரை இருந்தது. பெயர் கருப்பட்டி. அந்தக் குதிரைக்குத் தண்ணீர் என்றால் உயிர் போகிற பயம்."

நிறுத்தினான். மைத்துனர் வெற்றிலையை மென்றார். சபையில் ஒரு சத்தமும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தான் கொம்பையா. தாண்டவநாதர் எழுந்திருக்கப் பாதி உடம்பைத் தூக்கிவிட்டார்.

"குதிரைக்கு என்ன பயம்?" என்று கேட்டார் ராஜா.

தாண்டவநாதர் திடுக்கிட்டார். "மகாராஜா, தாங்கள் கேள்வி கேட்டீர்கள். உம் கொட்டவில்லை. வழக்கப்படி..."

"உம்!" என்றார் ராஜா எரிச்சலாக. "போதுமா? நீ சொல் கொம்பையா."

"சின்னக் குட்டியாக இருந்தபோது கிணற்றில் விழுந்து பிழைத்த குதிரை மகாராஜா. அதிலிருந்து தொட்டித் தண்ணீரைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் குடிக்கும். தூறல் போட்டால் லாயத்தின் மூலையில் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்ளும். பயம் மட்டுமில்லை, திருட்டுப் புத்தியும் உண்டு. கோடையில் ஆறு வற்றியதும் அக்கரைக்குப் போய் ஒரு செக்காட்டியின் வீட்டில் புண்ணாக்கைத் திருடித் தின்றுவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல வந்து நிற்கும். செக்காட்டி மனைவி விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வருவாள். ஆனால் ஒரு நாளும் அடித்ததில்லை."

"உம்" என்றார் ராஜா. அவர் வலது பக்கத்தில் இருந்த சேனாபதியும் "உம்" என்று சொல்லிவிட்டு, சொன்னது தெரியாமல் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தக் குதிரை அன்று வெள்ளத்துக்கு முன்னால் நிற்கிறது. முன்னங்காலை எடுத்துத் தண்ணீரில் வைத்தது. வைத்த வேகத்தில் எடுத்துவிட்டது. மேலே பெரிய ராஜா உட்கார்ந்திருக்கிறார். அவர் சவுக்கை எடுக்க முடியாது, எடுத்தால் கோபம். கெஞ்ச முடியாது, கெஞ்சினால் பலவீனம். ஆகவே குறையில்லாமல் உட்கார்ந்திருந்தார். கருப்பட்டி திரும்பி ஊரைப் பார்த்து ஓடியது. அரைக் காதம் ஓடியது. பெரிய ராஜாவும் நெஞ்சை நிமிர்த்தியபடியே அரைக் காதம் திரும்பி வந்தார்."

சபை சிரித்தது. அமைச்சர்கள் சிரித்தார்கள். காவல்காரர்கள் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மைத்துனருக்கு வாயிலிருந்த வெற்றிலை பொறுக்க முடியாமல் தெறித்தது.

"பாதி வழியில் கருப்பட்டி நின்றது. காற்றில் அக்கரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. செக்காட்டி மனைவி அலறுகிற சத்தம். விளக்குமாற்றோடு துரத்தும்போது போடுகிற சத்தம் இல்லை, வேறு சத்தம். குதிரைக்குக் காது விடைத்தது. திரும்பியது. கால் நாலும் நடுங்க, வாயில் நுரை தள்ள, கரைக்கு வந்தது. தொட்டித் தண்ணீர் குடிக்கும்போது மூடுவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டது. இறங்கிவிட்டது."

"உம்" என்றது சபை முழுதும்.

"தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. வயிற்றுக்கு வந்தது. கழுத்துக்கு வந்தது. ஒரு மரம் அடித்துக்கொண்டு வந்து விலாவில் இடித்தது. கருப்பட்டி தலை முங்கியது." கொம்பையா நிறுத்தி, மூச்சு விட்டு, குரலை மாற்றிக்கொண்டான். "இப்போது பெரிய ராஜாவின் நிலையைச் சொல்கிறேன். அவர் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. மீசை..."

"அவரை விட்டுத் தள்ளு!" என்று கத்தினார் ராஜா. "குதிரை மேலே வந்ததா இல்லையா?"

சபையில் எல்லாத் தலையும் ராஜாவின் பக்கம் திரும்பியது. என்ன சொன்னோம் என்பது ராஜாவுக்கும் அப்போதுதான் காதில் விழுந்தது. அவருடைய கண் தானாகச் சுவரிலிருந்த படத்துக்குப் போயிற்று.

தாண்டவநாதர் பாய்ந்து எழுந்தார். "பார்த்தீர்களா மகாராஜா! இவர் குதிரையைக் கதைத் தலைவனாக்கி, அதற்குப் பயமும் திருட்டும் வைத்துவிட்டார். ஆணையை மீறிவிட்டார்!"

கொம்பையா கைகூப்பினான். "மகாராஜா, ஆணைப்படி பெரிய ராஜாதான் தலைவர். அவர்தான் மேலே உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு ஒரு குறையும் நான் வைக்கவில்லை. பெரிய ராஜாவிடமிருந்து பயத்தை எடுக்கச் சொன்னார்கள், எடுத்துவிட்டேன். எடுத்ததைத் தூர எறியச் சொல்லி உத்தரவில்லை. கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? பக்கத்தில் குதிரை நின்றது, அதன் மேல் வைத்தேன். தலைவரை விட்டு இறங்கிக் குதிரையோடு போனது அடியேன் இல்லை மகாராஜா. தாங்கள்."

ராஜா மடியில் கிடந்த பூவிதழ்களைத் தட்டிவிட்டார். பிறகு, "வழக்கை அப்புறம் பார்க்கலாம் புலவரே, உட்காரும்" என்றார். "முதலில் குதிரை கரை ஏறட்டும்."

குதிரை கரை ஏறியது. பெரிய ராஜா குறையில்லாத குரலில் ஆணையிட்டார், மதகு திறந்தது, ஏழு ஊரும் பிழைத்தது. செக்காட்டி மனைவி ஓடி வந்து ஈரக் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சேனாபதி மேல்துண்டால் முகத்தைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதை உயிரோடு முடிவுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

"கொம்பையா" என்றார் ராஜா. "நான் ஏன் என் தாத்தாவை விட்டுவிட்டுக் குதிரையோடு போனேன்?"

"பெரிய ராஜா கடந்துவிடுவார் என்று முதலிலேயே தெரிந்துபோயிற்று மகாராஜா. குதிரை கடக்குமா என்று தெரியவில்லை. பயமில்லாதவர் ஆற்றில் இறங்கினால் அது குளியல். பயப்படுகிறவர் இறங்கும்போதுதான் நமக்கு மூச்சு நிற்கிறது."

ராஜா எழுந்து கொம்பையாவின் பக்கத்தில் வந்தார். சபைக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"நான் பட்டத்துக்கு வந்து பதின்மூன்று வருஷம் ஆகிறது. இன்றுவரை இந்தச் சிங்காசனத்தில் ஏறும்போதெல்லாம் எனக்கு முழங்கால் நடுங்கும். அந்தப் படத்தைப் பார்ப்பேன். அவருக்கு நடுங்கவில்லையே, எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று நினைத்துக் குன்றிப்போவேன். யாரிடமும் சொன்னதில்லை."

வேடிக்கையாக ஒன்று சொல்ல வாயைத் திறந்த கொம்பையா, வாழ்க்கையில் முதல் முறையாகச் சொல்லாமல் மூடிக்கொண்டான். பிறகு மெல்ல, "ஆவுடையைக் கூப்பிட்டுவிடுங்கள் மகாராஜா" என்றான்.

ஆவுடையை அழைத்து வந்தார்கள். விட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் அவள் ராஜாவைக் கும்பிட்டாள். உடுக்கையைத் திருப்பிக் கேட்டாள்.

"அம்மா, நான் எழுந்து போன பிறகு என் தாத்தா கதையில் என்ன நடந்தது? அங்கிருந்து சொல்லுங்கள்" என்றார் ராஜா.

"பாதியில இருந்து சொன்னாக் கதை நிக்காது சாமி. முதல்ல இருந்துதான் சொல்லணும். சிரிக்குத இடமும் வரும். பொறுத்துக்கிடுவீகளா?"

"பொறுத்துக்கொள்கிறேன்."

ஆவுடை உடுக்கையை அடித்தாள். மழை வந்தது, ஏரி நிரம்பியது, பெரிய ராஜா ஆற்றங்கரைக்கு வந்து நின்றார். முழங்கால் ஒன்றோடு ஒன்று இடித்தது. அரண்மனைக்குத் திரும்பிவிடலாமா என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் யாரும் பதில் சொல்லவில்லை. கடைசியில் குதிரையை முன்னே விட்டு, அதன் வாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மா! அம்மா!" என்று ஏழு ஊருக்கும் கேட்க அழுதுகொண்டே தண்ணீரில் இறங்கினார். அக்கரையில் ஏறி, மதகுக்காரனைப் பார்த்துத் திறக்கச் சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. கையை மட்டும் காட்டினார்.

"அப்புறம் அவருக்குப் பயம் போய்விட்டதா?" என்று கேட்டார் ராஜா.

"எங்க போகும் சாமி? சாகுத வரைக்கும் இருந்துச்சு. வருசா வருசம் வெள்ளம் வரும், வருசா வருசம் அழுதுக்கிட்டே போய் மதகைத் திறந்துட்டு வருவாரு. அதனாலதான் நாங்க இன்னைக்கும் அவரைக் கும்பிடுதோம்."

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கூடம் அதிர வாய்விட்டுச் சிரித்தார். குதிரை வாலைப் பிடித்துக்கொண்டு அழும் தாத்தாவை நினைத்து நினைத்துச் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, அதைத் துடைக்கவும் இல்லை. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கொம்பையாவுக்குப் போட்டார். ஆவுடைக்கு ஆற்றோரம் நான்கு மா நஞ்சை நிலம் எழுதி வைத்தார். தாண்டவநாதரின் காப்பியத்துக்கும் ஒரு உத்தரவு பிறந்தது. பத்துப் பாட்டுக்கு ஒரு முறையாவது பெரிய ராஜாவுக்கு ஒரு குறை வர வேண்டும். பாவம் புலவர், ஆறு மாதம் ஏட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதுநாள் வரை அவர் ஒரு மனிதரையும் குறையோடு பார்த்துப் பழகியதில்லை.

மறுநாள் காலை ஜெயதுங்க ராஜா சபைக்கு வந்தார். சிங்காசனத்தின் முதல் படியில் கால் வைத்தபோது வழக்கம்போல முழங்கால் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று ஏறி உட்கார்ந்து, "முதல் வழக்கைக் கூப்பிடுங்கள்" என்றார்.